பகுதிநேர ஆகாயப்படை: கூப்பிட்டால் வருகிறவர்களின் வரலாறு

உட்லண்ட்ஸ் வட்டாரப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்த அனுபவம் பழகிப்போயிருக்கும். பாடம் முக்கியமான இடத்துக்கு வரும். சரியாக அந்த நேரம் பார்த்து செம்பவாங் தளத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்பும். சத்தம் அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருநாள் அப்படி நின்றபோது உயர்நிலை இரண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், இதுல இருக்கிறவங்களுக்கு எப்பவுமே இதுதான் வேலையா? இல்ல, எங்க அப்பா மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை போறவங்களா?"

அவனுடைய அப்பா மற்ற நாள்களில் லாரி ஓட்டுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை சீருடை போட்டுக்கொண்டு ஆகாயப்படையின் தரைப் பிரிவு ஒன்றுக்குப் போகிறார். நான் பாதிப் பதில்தான் சொன்னேன்: "ஓட்டுறவருக்கு அதுதான் வேலை. ஆனா அந்தப் படையை நடத்த உங்க அப்பா மாதிரி ஆளுங்களும் வேணும்." மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். முழுமைத் தற்காப்பு தினத்துக்குப் பேச்சும் கட்டுரையும் தயார் செய்யும் ஆசிரியர்களுக்கு இது உதவலாம். "சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது?" என்ற கேள்விக்கு விடை எழுதப்போகும் மாணவர்களுக்கும்தான்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேறு வேலை பார்த்துக்கொண்டே, பயிற்சிக்கும் ஆபத்து நேரத்துக்கும் மட்டும் படையில் சேருகிறவர்களைப் பொதுவாக ரிசர்வ் படை என்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தானாக முன்வந்து சேரும் தொண்டூழியர்கள். மற்றொன்று, சட்டப்படி முழுநேர தேசிய சேவையை முடித்துவிட்டுத் தொடர்ந்து அழைக்கப்படுகிறவர்கள். சிங்கப்பூரில் 1994இல் 'ரிசர்விஸ்ட்' என்ற பெயரைக் கைவிட்டுப் போர்க்காலப் படைவீரர் என்று மாற்றினார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்ற பொருள் வரக்கூடாது, எந்த நேரமும் தயாராக இருப்பவர் என்ற பொருள் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். காப்பிக்கடையில் மட்டும் இன்னும் "ரிசர்வ் போறேன்"தான்! தேர்வில் புதுப் பெயரையே எழுதுங்க.

சொந்த நாட்டு வானத்தைக் காப்பதற்கு ஏன் பகுதிநேர ஆட்கள்? தற்காப்பு என்பது பெரும்பாலும் காத்திருக்கிற வேலை. எதிரி எந்த இரவில் வருவான் என்று தெரியாது. ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். முழுச் சம்பளம் கொடுத்து அத்தனை பேரையும் வைத்துக்கொள்ளப் பெரிய நாடுகளுக்கே கட்டுப்படியாகாது. தூரதேசத்துக்குப் போய்ப் போரிட வேண்டியதில்லை என்பதால், வீட்டிலிருந்து வந்து போகிறவர்களே இந்த வேலைக்குப் பொருந்துவார்கள். விமானம் பழுதுபார்ப்பவர், மின்பணியாளர், கனரக இயந்திரம் ஓட்டுபவர் ஆகியோரின் அன்றாடத் தொழில்திறன் படைக்குக் கூடுதல் லாபம்.

பிரிட்டனில் 1925 முதல் இப்படிப்பட்ட துணை ஆகாயப்படை அணிகள் அமைந்தன. வார நாள்களில் வேலை, வார இறுதியில் விமானம். 'வார இறுதிப் பறவைகள்' என்று நினைத்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால், 1939 அக்டோபர் 16ஆம் நாள் ஸ்காட்லாந்துக் கரையோரம் ஜெர்மன் விமானங்கள் வந்தபோது, பிரிட்டன் வானில் முதன்முதலாக அவற்றைச் சுட்டு வீழ்த்தியவை 602, 603 என்ற இரண்டு துணை அணிகள்தான். மறு ஆண்டு நடந்த பிரிட்டன் வான்போரில் 14 துணை அணிகள் போரிட்டன.

தமிழ்நாட்டுப் பக்கமும் ஓர் உதாரணம் இருக்கிறது. பாடநூல்களில் அதிகம் வராது. போர் தொடங்கியபோது இந்திய ஆகாயப்படை மிகச் சிறியது. கடற்கரை நீளமோ பெரிது. எனவே 1939இல் இந்திய ஆகாயப்படைத் தொண்டூழிய ரிசர்வ் தொடங்கப்பட்டது. அதன் வழியாக மதராஸ், பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களுக்குக் கரையோரத் தற்காப்புப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. பயணிகள் விமானம் ஓட்டியவர்களும் பறக்கும் கழகங்களில் கற்றுக்கொண்டவர்களும் அவற்றில் சேர்ந்தார்கள். 'வாப்பிட்டி' என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தில் ஏறி, கப்பல்களுக்குக் காவலாகக் கடலின் மேல் பறந்தார்கள். கையில் இருப்பதை வைத்துச் சமாளித்த கதைதான் அதுவும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1936இல் நீரிணைக் குடியேற்றத் தொண்டூழியர் ஆகாயப்படை சிங்கப்பூரில் உருவானது. தளம் சிலேத்தார், விமானம் 'ஹாக்கர் ஆடாக்ஸ்'. 1940இல் அது மலாயாத் தொண்டூழியர் ஆகாயப்படையாக விரிந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு, பேராக் ஆகிய இடங்களின் பறக்கும் கழகங்களில் இருந்த சிறு விமானங்களும் விமானிகளும் அதற்குள் வந்தார்கள். வங்கி, வணிக நிறுவனம், ரப்பர் தோட்டம், ஈயச் சுரங்கம் என்று வேலை பார்த்தவர்கள் இவர்கள். பெரும்பாலும் ஐரோப்பியர். பறக்கும் கழகத்தில் உறுப்பினராகும் வசதி அன்றைய குடியேற்ற ஆட்சியில் யாருக்கு இருந்தது என்று யோசித்தால் காரணம் புரியும். தளங்களில் உடலுழைப்பு வேலை செய்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். விமானத்தில் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் படையிடம் இருந்தவை 'டைகர் மாத்' போன்ற பயிற்சி விமானங்களும் 'டிராகன் ராப்பிட்' போன்ற சிறு பயணிகள் விமானங்களும். துப்பாக்கி இல்லை, கவசம் இல்லை, வேகமும் இல்லை. ஆனால் போர் வந்த பிறகு இவை சும்மா நிற்கவில்லை. செய்தி கொண்டுபோவது, அதிகாரிகளை ஏற்றிச் செல்வது, காட்டில் விழுந்த விமானிகளைத் தேடுவது, எதிரி எங்கே வந்திருக்கிறான் என்று பார்த்து வருவது என எல்லாம் செய்தன. ஜப்பானியப் போர்விமானம் கண்ணில் பட்டால் தப்ப ஒரே வழி, மர உச்சியை ஒட்டித் தாழப் பறப்பது. இப்படிப்பட்ட வேலையைப் போன வருடம்வரை கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் செய்கிறார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ரிசர்வ் என்றால் ஒப்புக்குச் சப்பாணி என்ற எண்ணம் போய்விடும்.

அப்படியென்றால் எங்கே தவறு நடந்தது? அதற்கு ஓர் இரவை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

1941 டிசம்பர் 8, அதிகாலை. இந்தோசீனாவிலிருந்து வந்த 17 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் ஏறக்குறைய நான்கேகால் மணிக்குச் சிங்கப்பூரின் மேல் இருந்தன. திடீரென்று வந்துவிட்டன என்று எழுதாதீங்க. அரை மணி நேரத்துக்கும் முன்னதாகவே ரேடார் அவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. செம்பவாங்கில் இருந்த 453ஆம் ஆஸ்திரேலிய அணியின் விமானிகள் மேலே போக அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. இருட்டில் நம் பீரங்கிகளே நம் விமானத்தைச் சுட்டுவிடும் என்ற பயம். தரையில் இருந்த விமான எதிர்ப்புப் பீரங்கியாளர்களும் ஆகாயப்படையும் சேர்ந்து இரவுப் போருக்குப் போதிய பயிற்சி எடுக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பயம் காட்டுகிறது.

நகரத்தில் நிலைமை இன்னும் மோசம். தெருவிளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. குடிமக்களுக்கான வான் தாக்குதல் முன்னெச்சரிக்கை அமைப்பின் தலைமையகத்தில் ஆளே இல்லை. குண்டுகள் விழத் தொடங்கிய பிறகுதான் சங்கு ஊதியது. ராஃபிள்ஸ் பிளேசிலும் சைனாடவுனிலும் தூக்கத்தில் இருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. 61 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த இரவில் எது இல்லாமல் போனது? ரேடார் இருந்தது. விமானிகள் விழித்திருந்தார்கள். பீரங்கியும் இருந்தது. வார்டன்களாகத் தொண்டூழியர்கள் பலர் பெயர் கொடுத்திருந்தார்கள். ரேடாரில் தெரிந்த செய்தி, விளக்கை அணைக்க வேண்டியவருக்கும் சங்கை ஊத வேண்டியவருக்கும் போய்ச் சேரவில்லை. பகுதிநேரப் படையின் பலம் அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்களை யார், எப்படி, எத்தனை நிமிடத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்தக் கூப்பிடும் ஏற்பாடு 1941இல் காகிதத்தில் இருந்தது. அதை ஒத்திகை பார்த்துப் பழக்கப்படுத்தவில்லை.

விமான எண்ணிக்கையும் குறைவுதான், மறுக்கவில்லை. 1941 இறுதிக்குள் மலாயாவுக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனில் படைத் தலைவர்கள் 1940இலேயே கணக்கிட்டிருந்தார்கள். போர் தொடங்கியபோது பயன்பாட்டில் இருந்தவை 158, மாற்றுக்காக வைத்திருந்தவை 88. ஜப்பான் இந்தப் போர்முனைக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 600. போர்க்கப்பலையும் விமானத்தையும் ஐரோப்பாவும் வட ஆப்பிரிக்காவும் இழுத்துக்கொண்டன. ஆளை வைத்துக்கொண்டு விமானம் இல்லாமல் தவிப்பது ஒரு குறை. விமானத்தையும் ஆளையும் வைத்துக்கொண்டு சேர்த்துவிடத் தெரியாமல் நிற்பது வேறு குறை. மாணவர்கள் இரண்டையும் ஒரே வரியில் குழப்பிவிடுகிறார்கள். பிரித்து எழுதினால் விடை தானாகவே ஒரு படி உயரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு: "பீரங்கிகள் கடலைப் பார்த்து இருந்தன, அதனால் தோற்றோம்." ஆண்டுதோறும் வரும் விடை இது! பெரிய பீரங்கிகளில் பல நிலப்பக்கம் திரும்பக்கூடியவை, திரும்பிச் சுடவும் செய்தன. அவற்றிடம் இருந்த குண்டுகள் பெரும்பாலும் கப்பலைத் துளைப்பவை. தரையில் பரவி வரும் காலாட்படைக்கு எதிராக அவை அவ்வளவு உதவாது. பீரங்கியை விட்டுவிட்டு வானத்தைப் பற்றி எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் அந்தக் கதையில் எங்கே வருகிறது? 1942 ஜனவரி 31ஆம் நாள் காலை, கடைசிப் படைகள் ஜோகூரிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி வந்த பிறகு, அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடற்பாலத்தில் இடைவெளி விழுந்தது, ஆனால் பீரங்கிக் குண்டுக்குப் பாலம் தேவையில்லையே! சிங்கப்பூரின் நான்கு விமானத் தளங்களில் தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஆகிய மூன்றும் வடக்கிலும் வடமேற்கிலும் இருந்தன. எதிர்க்கரையில் ஜப்பானியப் பீரங்கிகள் வந்து நின்றவுடன் மூன்றும் சுடும் தூரத்துக்குள் வந்துவிட்டன. மிஞ்சியது நகரத்தை ஒட்டிய காலாங் மட்டும். அதன் ஓடுபாதையிலும் நாள்தோறும் குண்டுக் குழிகள். தொண்டூழியர் ஆகாயப்படையின் சிறு விமானங்கள் சுமத்ராவுக்கும் பின்னர் ஜாவாவுக்கும் விலகின. பிப்ரவரி 10ஆம் நாளோடு கடைசிப் போர்விமானங்களும் போய்விட்டன. அடுத்த ஐந்து நாள்கள் இந்தத் தீவின் மேல் நம் பக்கத்து விமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிப்ரவரி 15 மாலையில் சரணாகதி.

போருக்குப் பின் பகுதிநேர ஆகாயப்படை மறுபடி வந்தது. 1950இல் மலாயாத் துணை ஆகாயப்படை தொடங்கியது. சிங்கப்பூர் அணிக்கு இடம் தெங்கா. டைகர் மாத், ஹார்வர்ட், சிப்மங்க் விமானங்களில் வார இறுதிப் பயிற்சி. இந்த முறை உள்ளூர் இளைஞர்களுக்கும் கதவு திறந்தது என்பது முக்கியமான மாற்றம். 1960இல் அது கலைக்கப்பட்டது. பிரிட்டிஷ் படைதான் இருக்கிறதே என்ற நிம்மதி அப்போது. எட்டே ஆண்டுகளில், 1968 ஜனவரியில், 1971க்குள் கிளம்பிவிடுவதாகப் பிரிட்டன் அறிவித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் வான் தற்காப்புத் தளபத்தியம் உருவானது. 1975 ஏப்ரலில் அது சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை ஆனது. பெயரிலேயே முதலில் 'வான் தற்காப்பு' இருந்ததைக் கவனித்தீர்களா? முதலில் கிடைத்த பயிற்சி விமானம் 'செஸ்னா 172'. பறக்கும் கழகத்தில் இருப்பது போன்ற விமானம்தான். விமானிகள் பெரும்பாலும் முழுநேரப் படையினர். ஒரு போர்விமானியை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஆண்டுக்கு இரண்டு வாரத்தில் அந்தத் திறனைக் காப்பாற்ற முடியாது. தேசிய சேவையாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருப்பது தரையில்: விமான எதிர்ப்பு ஏவுகணைப் பிரிவுகள், தளப் பாதுகாப்பு, தளவாடம், தளப் பராமரிப்பு. மாணவன் கேட்ட கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். விமானம் மேலே இருக்கும் நேரம் சில மணி. தளம் இருபத்துநான்கு மணி நேரமும் காக்கப்பட வேண்டும். 1942இல் நாம் முதலில் இழந்ததும் தளங்களைத்தான்.

முழுநேர சேவை முடிந்த பிறகு பத்து ஆண்டுச் சுழற்சி, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள். பொறுப்பு சாதாரண வீரருக்கு 40 வயதுவரை, அதிகாரிக்கு 50 வயதுவரை. இதோடு சேர்ந்து வருவதுதான் படைத்திரட்டுப் பயிற்சி. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் திரையரங்கிலும் குறியீட்டுப் பெயர்கள் அறிவிக்கப்படும். தன் பிரிவின் பெயரைப் பார்த்தவர் கிளம்ப வேண்டும். படம் பாதியில் இருந்தாலும் சரிதான். வெளியில் தெரியாமல் அழைக்கும் முறையும் உண்டு. 1985இல் வந்த வளங்களைக் கையகப்படுத்தும் சட்டப்படி தனியார் வாகனங்களையும் இயந்திரங்களையும்கூட அழைக்கலாம்.

"இதெல்லாம் அந்தக் காலத்துப் போருக்குத்தானே?" என்று மாணவர்கள் கேட்பார்கள். 2001 செப்டம்பர் 11ஆம் நாளைச் சொல்லுங்கள். அந்தக் காலை அமெரிக்காவின் 48 மாநிலங்கள் கொண்ட பெருநிலத்தைக் காக்க உடனடித் தயார்நிலையில் இருந்தவை ஏழு இடங்களில் 14 போர்விமானங்கள். மாசசூசெட்ஸிலிருந்து முதலில் எழுந்தவை தேசியக் காவல் ஆகாயப்படையைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் பகுதிநேரப் படை அது. தலைநகர் வாஷிங்டனுக்கு அருகிலிருந்து அதே படையின் இரண்டு எஃப்-16 விமானங்கள் ஏவுகணை ஏற்ற நேரமில்லாமல் வெறுங்கையோடு மேலே போயின. உலகின் மிகப் பெரிய ஆகாயப்படை வைத்திருந்த நாட்டுக்கு அந்த நிலை.

நமக்கும் ஒரு சின்னச் சோதனை வந்தது. 2008 ஜனவரி 22ஆம் நாள் மாலை, தாய்லாந்திலிருந்து ஒரு செஸ்னா 208 விமானம் அனுமதியில்லாமல் சிங்கப்பூர் வான்வெளிக்குள் வந்தது. எஃப்-16 விமானங்கள் கிளம்பி அதை சாங்கிக்கு அழைத்துவந்து இறக்கின. விமான நிலையம் ஏறத்தாழ 50 நிமிடம் மூடிக்கிடந்தது. ஒரு சிறு விமானத்துக்கு இத்தனை அமர்க்களமா என்று அன்று பேசிக்கொண்டார்கள். டிசம்பர் 8ஆம் நாளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது அமர்க்களமாகத் தெரியாது.

கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. "தேசிய சேவை மிக முக்கியம்" என்று தொடங்கி அதையே நான்கு பத்திக்குச் சொல்ல வேண்டாம். டிசம்பர் 8இன் தெருவிளக்கில் தொடங்குங்கள். பிறகு லிம் சூ காங் சாலைக்கு வாருங்கள். 1986 முதல் அவ்வப்போது நடக்கும் 'டொரென்ட்' பயிற்சியில் அந்தப் பொதுச் சாலை 2,500 மீட்டர் ஓடுபாதையாக மாறுகிறது. தளத்தின் ஓடுபாதையில் குண்டு விழுந்தால் விமானம் எங்கே இறங்கும், எங்கிருந்து எழும் என்ற கேள்விக்குத்தான் அந்தப் பயிற்சி. சாலை 24 மீட்டர் அகலம்தான். போர்விமானத்துக்கு அது குறுகல். அதற்காக அங்கிருக்கும் தெருவிளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் சாலைப் பலகைகளையும் கழற்றி எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப மாட்டுகிறார்கள். ஒரு காலத்தில் விளக்கை அணைக்கவே ஆளில்லாத ஊரில் இப்போது கம்பத்தையே கழற்றி ஒத்திகை பார்க்கிறார்கள் என்று காட்டினால், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆசிரியர்களுக்கு: உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து இரண்டே நிறுத்தம், கிராஞ்சி. போர் நினைவிடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது கல்லறைகளோடு திரும்பிவிடாமல் மேலே குன்றுக்கு ஏறுங்கள். அங்கே இருக்கும் நினைவுச் சின்னத்தின் கூரை விமான இறக்கை வடிவம். கீழே தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள்: உடல் கிடைக்காத தரைப்படையினரும் ஆகாயப்படையினரும். இந்தியப் படையினர் பெயர்கள் நிறைய இருக்கும். நம் ஊர்ப் பெயர்களைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள்.

அந்த மாணவனுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தனுப்பினேன். அழைப்பு வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் முகாமில் இருக்க வேண்டும், போனதும் முதலில் என்ன வேலை என்று அப்பாவிடம் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் வெறுங்கையோடு வந்தான். "கேட்டேன் சார். அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. ஆனா பேக் எப்பவும் கதவுக்குப் பின்னால ரெடியா இருக்கும்."